கோடைக்கேற்ற கனிரசக் கலவை

ஆண்டுதோறும் ஏப்பிரல் 5ஆந் திகதி தொடக்கம் 15ஆந் திகதி வரையான நாட்களில், இலங்கையின் தென்கோடியிலிருந்து வடகோடி வரையுள்ள ஊர்களின் நேர் உச்சிக்கு ஞாயிறு ஒவ்வொன்றாக வந்து செல்கின்றது. சித்திரைப் புத்தாண்டுக்குப் புத்தாடை உடுத்தி உறவினர் வீடு செல்வோர், ஒழுங்கை முடியுமுன்னரே வியர்த்து, படலையைத் திறக்கும்போதே தண்ணீர் கேட்கும் காலம் அது. வடக்கில் சோளகம் எழுந்தபின் வெம்மை சற்றுத் தணியினும், மட்டக்களப்பிலும் வன்னியிலும் கச்சான் காற்று தரையைச் சுட்டு வீச, ஆவணி வரை கோடை நீடிக்கின்றது. உடலில் உள்ள நீர் தோல்வழியே வெளியேறிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், வீட்டுக்கு வந்தவருக்கு எதைக் கொடுப்பது என்பது விருந்தோம்பலைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உடல்நலத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

முன்னோர் இதற்குத் தக்க விடை வைத்திருந்தனர். கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தலிட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீரும் மூக்குப்பேணியில் வார்த்துக் கொடுத்தனர். உப்பும் புளிப்பும் சிறிது இனிப்பும் கூடிய அப்பானங்கள் வியர்வையால் இழந்தவற்றை மீட்டுத் தருவன. இன்று அவ்விடத்தைப் போத்தற் பானங்கள் பிடித்துக்கொண்டன. செந்நிறமாகவும் ஊதாநிறமாகவும் மின்னும் அப்போத்தல்களுட் சிலவற்றின் ஒட்டுத்தாளை ஊன்றிப் படித்தால், ‘பழச்சுவை’ என்ற சொல் பெரிதாகவும், சீனி, சாயம், சுவையூட்டி என்பன பொடி எழுத்திலும் காணப்படும். பழச்சாறு வேறு, பழச்சுவை வேறு. இதனை அறியாத தாய், பிள்ளைக்குப் பழம் கொடுத்ததாக எண்ணி நிறைவடைகிறாள். அவ்வேளையில் வீட்டுப் பின்புறத்து நாவல் மரத்தின் கீழே கனிகள் உதிர்ந்து மிதிபட்டு மண்ணைக் கறைப்படுத்திக் கிடக்கும்.

மேலைநாட்டு விருந்துகளில் பல சாறுகளைக் கலந்து செய்யும் பானத்தைக் ‘கொக்டெயில்’ என்பர். 1806ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று அச்சொல்லுக்குப் பொருள் கூறியபோது, சாராய வகை, சீனி, நீர், கசப்புச்சாறு ஆகியவை சேர்ந்தது என்றே விளக்கியது. காலப்போக்கில் மதுவின்றிக் கனிச்சாறு மட்டும் கலந்தனவற்றுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. இங்குப் பேசப்படுவது இரண்டாவது வகை. ஒழுக்கம் கருதி மட்டுமன்றி, உடலியல் கருதியும் அதுவே கோடைக்கு ஏற்றது. மது சிறுநீரைப் பெருக்கும் இயல்புடையது. தாகம் தணிக்கக் குடித்த ஒன்று உடலின் நீரை மேலும் வெளியேற்றுமாயின் அது பானமாகாது.

மேலைநாட்டார் இப்பானத்துக்குப் பெரிதும் விரும்புவது ‘பெரி’ எனப்படும் சிறு கனிகளை. அவற்றின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. தாவரவியலார் ‘பெரி’ என்ற சொல்லுக்குக் கூறும் இலக்கணம், பூவின் ஒரு சூலகத்திலிருந்து தோன்றி, விதையைச் சூழ்ந்து சதை முழுவதும் மென்மையாய் அமைந்த கனி என்பதாகும். இவ்விலக்கணப்படி முந்திரிகை பெரி. தக்காளி, கத்தரி, மிளகாய், வாழைப்பழம் ஆகியனவும் பெரியே. பெயரிலேயே பெரியைத் தாங்கிய ஸ்ரோபெரியோ அக்குடும்பத்திற் சேராது. அதன் சிவந்த சதை பூவின் அடித்தளம் பருத்து உண்டானது. மேலே புள்ளி புள்ளியாய் ஒட்டியிருப்பனவே உண்மையான கனிகள். எனவே பெரி என்றதும் பனிநாட்டையே நினைத்து ஏங்க வேண்டியதில்லை. நம் நாட்டு நாவலும், வன்னிக் காட்டின் பாலைப்பழமும் இலக்கணம் வழுவாத பெரிகள். ஆனி, ஆடி மாதங்களில் பாலை மரம் பழுக்கும்போது யாலக் காட்டின் கரடிகள் அதனைத் தேடி மரமேறுவதைக் காணவே பயணிகள் செல்கின்றனர். மாட்டு வண்டியிற் காட்டுவழி சென்றோர் பாலைப்பழத்தைச் சேலைத் தலைப்பில் ஏந்தி வந்த காலமும் இருந்தது. எனினும் அதன் பால் உதட்டில் ஒட்டுவதால் அது சாறு பிழிவதற்கு உதவாது. மரத்தடியில் உண்பதற்கே உரியது.

ஐரோப்பியர் பெரிகளைச் சாறாக்கிப் போத்தலில் அடைத்ததற்குக் காரணம் அவர்களின் கோடை குறுகியது என்பதே. சில கிழமைகளுக்குள் பழுத்து முடியும் கனியை நீண்ட பனிக்காலத்துக்கும் சேமிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தேவை பிரித்தானியாவில் உயிர்ப்பிரச்சினையாகவே ஆயிற்று. கடல்வழி தடைப்பட்டுத் தோடம்பழம் வந்து சேராதபோது, விற்றமின் சி மிக்க கருங்கரன்ற் கனியின் பாகினைக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க அந்நாட்டரசு ஒழுங்கு செய்தது. 1938இல் விற்பனைக்கு வந்திருந்த ரைபீனா என்னும் பானம் அக்கனியிலிருந்தே செய்யப்பட்டது. தோட்டத்து வேலியோரத்துச் செடியின் சிறு கனி ஒரு தலைமுறைக் குழந்தைகளின் எலும்புக்கும் ஈறுக்கும் துணை நின்றது.

இனி இங்குக் கிடைப்பனவற்றை நோக்கலாம். முதலாவது முந்திரிகை. வலிகாமத்தின் செம்மண் நிலத்தில், கிணற்று நீர் இறைத்து, பந்தலிட்டு வளர்க்கும் கொடியை உரிய காலத்தில் வெட்டிவிட்டால் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும். யாழ்ப்பாணத்திற் பெரிதும் பயிராவது ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கருநீல இனம். பச்சையாக உண்ணும்போது அதன் புளிப்பும் விதையும் சிலருக்குப் பிடிப்பதில்லை. சாற்றுக்கோ அந்தப் புளிப்பே சிறப்பு. தோலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் குடாநாடெங்கும் பெயர்பெற்றவை.

அடுத்தது நாவல். இந்நிலப்பகுதிக்கே நாவலந்தீவு என்று பெயரிட்டழைத்தனர் முன்னோர். ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் கேட்ட கதை இம்மரத்தடியில் நிகழ்ந்ததே. நாவலின் காலம் சித்திரையன்று. ஆனி, ஆடியிலேயே அது கனியும். ஆதலின் சித்திரையில் முந்திரிகையோடு மாதுளையையோ கொடித்தோடையையோ சேர்ப்பதும், சோளகம் வீசத் தொடங்கியபின் நாவலைச் சேர்ப்பதும் முறையாகும். மூன்றாவது ஸ்ரோபெரி. ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் அது விளைகின்றது. விலை சற்று அதிகம். வெப்பத்தில் விரைவில் அழுகும். கிடைத்தால் ஒரு கைப்பிடி போதும். கிடையாதவிடத்து அதற்காக வருந்த வேண்டியதில்லை.

எட்டுப் பேருக்கான அளவு பின்வருமாறு. முந்திரிகை 1 கிலோகிராம், நாவற்பழம் அரைக் கிலோகிராம், ஸ்ரோபெரி 200 கிராம், நடுத்தரத் தேசிக்காய் 2, இஞ்சி விரலளவு ஒரு துண்டு, சீனி 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, கொதித்தாறிய நீர் ஏறத்தாழ முக்கால் லீற்றர்.

முந்திரிகையைக் குலையிலிருந்து உதிர்த்து, வெடித்ததும் பூஞ்சணம் பிடித்ததுமான பழங்களை இரக்கமின்றி நீக்குதல் வேண்டும். ஒரு கெட்ட பழம் ஒரு பானைச் சாற்றின் மணத்தைக் கெடுத்துவிடும். கொடிகளுக்குப் பூச்சிநாசினி தெளிப்பது வழக்கமாதலின், பழங்களை உப்புநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பின் ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை கழுவுவது நன்று. பின்பு அவற்றை ஒரு குவளை நீருடன் எவர்சில்வர்ச் சட்டியிலோ எனாமற் பாத்திரத்திலோ இட்டு, இளந்தீயில் வைத்தல் வேண்டும். இரும்புத் தாச்சியும் அலுமினியச் சட்டியும் இதற்கு ஆகா. புளிப்பு அவ்வுலோகங்களை அரிக்கும். இரும்போடு சேர்ந்தால் செந்நிறச் சாறு மை போலக் கறுக்கும். ஈயம் பூசாத செம்புப் பாத்திரமும் விலக்கத்தக்கது; செம்பு பட்டால் விற்றமின் சி விரைந்து அழிந்துபோகும்.

நீர் தளதளவென்று கொதிக்கலாகாது. ஆவி எழுந்து, சட்டியின் ஓரத்தில் சிறு குமிழ்கள் அரும்பும் அளவில், அதாவது ஏறத்தாழ 80 பாகை சென்ரிகிறேட்டில், பத்து நிமிடம் நின்றாற் போதும். முந்திரிகையின் சதை பெரும்பாலும் நிறமற்றது. நிறமெல்லாம் தோலில் உள்ளது. அது சூட்டினாலேயே சாற்றில் இறங்கும். தோல் வெடித்தவுடன் மரவகப்பையால் மெல்ல மசித்தல் வேண்டும். சிலர் விரைவு கருதி எல்லாவற்றையும் மின்சார அரைப்பானில் இட்டு அரைத்துவிடுவர். அப்போது விதைகள் உடைந்து, அவற்றிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் சாற்றிற் கலக்க, பின்னர் எத்தனை கரண்டி சீனி இட்டாலும் நாவில் ஒரு கைப்பு நின்றுவிடும். அதிகச் சீனி தேவைப்படுவதற்கு இந்த அவசரமே பல வீடுகளிற் காரணம். மசித்ததை வெந்நீரில் அலசிய பருத்தித் துணியில் இட்டுக் கட்டித் தொங்கவிட்டால் சாறு தானாக வடியும். முறுக்கிப் பிழிந்தால் அளவு கூடும், தெளிவு குறையும். வீட்டாருக்கென்றால் பிழிவதில் தவறில்லை. ஏறத்தாழ அரை லீற்றருக்கு மேல் சாறு கிடைக்கும்.

நாவற்பழத்தை வேறாகச் செய்வதே நன்று. நன்கு கனிந்து கறுத்தவற்றைக் கழுவி, சிறிது உப்புத் தூவி, ஒரு சட்டியில் இட்டுக் கையாற் பிசைந்தால் விதை எளிதிற் கழன்றுவிடும். நாவலை உண்டபின் நாக்கு இழுத்துப் பிடிப்பது போன்றிருப்பதற்கும் அதன் தனினே காரணம். அது உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழவழப்பைப் போக்கிவிடுகின்றது. உப்பு அத்துவர்ப்பையும் கைப்பையும் நாவுக்கு மட்டுப்படுத்திக் காட்டும். நாவற்பழம் விற்கும் கிழவியர் உப்புத் தூவிக் கொடுப்பது அனுபவத்தால் அறிந்த நுட்பம். விதை நீங்கிய கூழை அரைக் குவளை நீருடன் ஐந்து நிமிடம் சூடாக்கி அரிதட்டில் வடித்தால் கால் லீற்றரளவு ஊதாநிறச் சாறு கிடைக்கும். ஸ்ரோபெரியைச் சூடாக்கவே கூடாது. காம்பு நீக்கித் துண்டுகளாக்கி, எடுத்துவைத்த சீனியை அதன்மேல் தூவி அரைமணி நேரம் மூடிவைத்தால், சீனி அதன் நீரை இழுத்துக்கொண்டு தானே பாகாகும். நெருப்பும் வேண்டாம், வேலையும் இல்லை.

சாறுகள் ஆறியபின் ஒன்றுசேர்த்து, இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டியும், உப்பும், குளிர்ந்த நீரும் கலந்து, இறுதியில் தேசிச்சாறு விடுதல் வேண்டும். தேசிச்சாற்றை இறுதியில் விடுவதற்குக் காரணம் இரண்டு. அதன் விற்றமின் சி சூட்டினால் அழியும் என்பது ஒன்று. மற்றொன்று கண்ணுக்கு விருந்து: புளிப்பு விழுந்த கணத்தில் மங்கிய ஊதாநிறம் ஒளிபெற்றுச் செந்நிறமாக மாறும். முந்திரிகைத் தோலிலும் நாவலிலும் உள்ள அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அமிலத்திற் சிவந்தும் காரத்தில் நீலம் பாய்ந்தும் தோன்றுவது. விஞ்ஞான பாடத்தில் பாசிச்சாயத் தாளைக் கொண்டு செய்யும் சோதனையையே அடுக்களையில் தாய் செய்கின்றாள். பிள்ளைகளை அருகில் நிறுத்தி இரண்டு குவளைகளிற் சிறிது சாறெடுத்து, ஒன்றில் தேசிச்சாறும் மற்றொன்றில் சிட்டிகை அப்பச்சோடாவும் இட்டுக் காட்டினால், ஒரு பாடவேளை செய்யாததை அந்தக் கணம் செய்துவிடும். சோடா இட்ட குவளையைக் கொட்டிவிட மறக்கக் கூடாது.

ஸ்ரோபெரித் துண்டுகளையும், விதை நீக்கிய முந்திரிகைப் பாதிகள் சிலவற்றையும் குவளையின் அடியில் இட்டு, மேலே கலவையை வார்த்துக் கொடுக்கலாம். நாவல் கிடையாத சித்திரை மாதத்தில், இரண்டு மாதுளையின் முத்துக்களைத் துணியிலிட்டுப் பிழிந்த சாறு அவ்விடத்தை நிரப்பும். கொடித்தோடை சேர்ப்பதாயின் தேசிக்காயைக் குறைத்துவிடுதல் வேண்டும். அதன் புளிப்பே போதுமானது.

குளிர்ச்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பனிக்கட்டி உறைந்து கல்லானமையால் தூய்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். நீரிலிருக்கும் நோய்க்கிருமிகள் உறைவதனால் மாண்டுபோவதில்லை. தூங்கிக் கிடந்து, உருகியவுடன் எழுகின்றன. நெருப்புக்காய்ச்சலும் ஈரலழற்சியும் இவ்வழியே வீட்டினுள் நுழையக்கூடும். மீனுக்கு வைக்கும் பனிக்கட்டியைச் சணற்சாக்கில் உடைத்து வந்து சர்பத்தில் இடுவது விருந்தன்று. நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதனையே உறையவைத்துப் பயன்படுத்துவதொன்றே நம்பத்தக்க வழி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், கொதித்தாறிய நீரை முதல்நாளிரவே புது மண்பானையில் ஊற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் மணல்மேல் வைத்தால், பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்நீரின் வெப்பத்தையும் கொண்டுபோகும். அக்குளிர்ச்சி இப்பானத்துக்குப் போதும். பல்லைக் கூசவைக்கும் குளிரில் நாவுக்கு இனிப்பு மங்கித் தோன்றுவதால், மேலும் சீனி கேட்கும் ஆசையே எழும்.

சீனியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. மேற்கூறிய அளவின்படி செய்த கலவையில் ஒரு குவளைக்கு, இட்ட சீனியும் பழத்தின் இயற்கைச் சீனியுமாகச் சேர்த்து, ஏறத்தாழ 18 கிராம் வரும்; நான்கு தேக்கரண்டிக்குச் சற்று மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளும் இத்தகைய சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நன்மை தரும். பழச்சாற்றில் உள்ள சீனியையும் அந்நிறுவனம் இக்கணக்கிலேயே சேர்க்கின்றது. காரணம் தெளிவானது. ஐம்பது முந்திரிகைகளை ஒருவர் மென்று தின்பதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும்; அவற்றின் சாற்றை அரை நிமிடத்தில் விழுங்கிவிடலாம். நாரும் போயிற்று, மெல்லும் வேலையும் போயிற்று. ஆகவே ஒருவருக்கு ஒரு குவளை என்பதே அளவு. இரண்டாவது குவளை தண்ணீராயிருக்கட்டும்.

நாவல் நீரிழிவுக்கு மருந்து என்பது ஊரெங்கும் வழங்கும் நம்பிக்கை. அதனைக் கேட்டுவிட்டு, நாவற்சாற்றில் சீனியைக் கொட்டிக் குடிக்கும் முதியவர்கள் உளர். இட்ட சீனி நாவலோடு சேர்ந்ததனால் தன் இயல்பை இழப்பதில்லை. கற்கண்டாயினும், பனங்கட்டியாயினும், தேனாயினும் குருதியில் சேரும்போது சீனியாகவே சேரும். நீரிழிவுடையவர் நாலைந்து நாவற்பழங்களை மென்று உண்பது வேறு; குவளை நிறையச் சாறு பருகுவது வேறு. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு நாவற்கொட்டைத் தூளை நம்பியிருப்பதோ பெருந்தீங்கு. இந்நாட்டு அரசு 2016ஆம் ஆண்டில் போத்தற் பானங்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்ட வேண்டுமென்று விதித்தது. வீட்டிற் செய்யும் பானத்துக்கு அத்தகைய அடையாளம் யாரும் ஒட்டுவதில்லை. கரண்டி பிடிக்கும் கையே கணக்கறிந்திருத்தல் வேண்டும். வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்கு இவ்வகை இனிப்புப் பானம் கொடுப்பதும் தவறு. மிகுந்த இனிப்பு ஓட்டத்தை மேலும் பெருக்கும். அவ்வேளைக்குரியது ஜீவனி கரைசலே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கூடாது.

பழம் மலிந்த காலத்தில் சாற்றைச் சேமித்து வைக்கலாமா என்ற கேள்வி எழும். வைக்கலாம், முறை தெரியாமல் வைத்தால் ஆபத்து. முந்திரிகைத் தோலில் மதுவம் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே ஒட்டியிருக்கின்றது. சாறு வெளிப்பட்டவுடன் அது சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் உண்டாக்கத் தொடங்கும். இறுக மூடிய போத்தலில் வாயு பெருகினால் கண்ணாடி தாங்காது. நள்ளிரவில் அடுக்களையில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்து, சுவரெங்கும் ஊதாக்கறையும் தரையெங்கும் கண்ணாடித் துண்டுமாகக் கண்ட வீடுகள் உண்டு. வெடிக்காமல் நின்றால், பிள்ளைகளுக்கு வைத்த சாறு யாருமறியாமல் மதுவாக மாறியிருக்கும். திறக்கும்போது சீறுவதும், நுரைப்பதும், புளித்த மணம் வீசுவதுமான போத்தலைச் சுவைத்துப் பார்க்காமலே கொட்டிவிடுதல் வேண்டும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் பிரான்சிய விஞ்ஞானி லூயி பாஸ்ரர். 1860களில் அவர், திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கினால் அதனைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அழியும் என்று நிறுவினார். அதனைப் பின்பற்றி, 1869இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் தோமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர், தேவாலய வழிபாட்டுக்கென மதுவாக மாறாத முந்திரிகைச் சாற்றைப் போத்தலில் அடைத்தார். கடைகளில் விற்கும் முந்திரிகைச் சாற்றுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

வீட்டில் அம்முறையைச் செய்வதற்குப் பெரிய பானை ஒன்றும், பொறுமையும் போதும். போத்தல்களைக் கழுவி, பானையின் அடியில் மடித்த துணியிட்டு, அதன்மேல் அவற்றை நிறுத்தி, குளிர்ந்த நீரிலிருந்து தொடங்கிக் கொதிவரும்வரை சூடாக்கிப் பத்து நிமிடம் வைத்தல் வேண்டும். வடித்த சாற்றை மீண்டும் 80 பாகைக்குச் சூடாக்கி, சூடான போத்தலில், கழுத்தின் கீழ் இரண்டு விரற்கிடை வெற்றிடம் விட்டு ஊற்றி, மூடியைத் தளர்வாகப் பூட்டி, அதே சூடுள்ள நீரில் அரைமணி நேரம் நிறுத்தி, பின் இறுக மூடி ஆறவிடல் வேண்டும். குளிர்ந்த போத்தலிற் சூடான சாற்றை வார்த்தால் அது அக்கணமே பிளந்துவிடும்; இவ்வொன்றை மறந்து கையைச் சுட்டுக்கொண்டவர் பலர். இவ்வாறு செய்ததையும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், திறந்தபின் மூன்று நான்கு நாட்களில் முடிப்பதும் நலம்.

சீனிப்பாகாகச் சேமிப்பது மற்றொரு வழி. சீனியின் செறிவு நூற்றுக்கு அறுபத்தைந்தளவு உயர்ந்தால், அது நுண்ணுயிரின் உடலிலிருந்த நீரையே இழுத்துவிடுவதால் அவை பெருக முடிவதில்லை. ஒரு லீற்றர் முந்திரிகைச் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோகிராம் சீனி அதற்கு வேண்டும். இச்செறிந்த பாகை ஐந்து மடங்கு நீர் கலந்தே அருந்தலாம். சீனி அதிகம் என்று பயந்து பாதியாகக் குறைத்து, அதையும் மாதக்கணக்கில் அலுமாரியில் வைப்பதே பலரும் செய்யும் பிழை. குறைந்த சீனி பாதுகாப்பும் தராது, மதுவத்துக்கு உணவாகவும் அமையும். குறைப்பதாயின் குளிரில் வைத்து ஒரு கிழமையில் முடித்துவிட வேண்டும். தொழிற்சாலைகளில் இடும் காப்புப் பொருள்கள் மில்லிகிராம் கணக்கில் அளக்கப்படுவன. அடுக்களைக் கரண்டியால் அவற்றை அளந்து இடுவது கூடாது.

வடித்த துணியில் எஞ்சும் முந்திரிகைச் சக்கையை எறிந்துவிட வேண்டியதில்லை. விதைகளை அரிதட்டில் நீக்கி, சக்கையின் பாதியளவு சீனியும் சிறிது தேசிச்சாறும் கறுவாத் துண்டொன்றும் சேர்த்துக் கிளறினால், அதிலுள்ள பெக்றின் இறுகிப் பாணுக்குப் பூசத்தக்க பழப்பாகு ஆகும். நாவல் விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடுமாதலால், நட விரும்புவோர் உலரவிடாது அந்தக் கிழமையிலேயே மண்ணிற் புதைத்தல் வேண்டும்.

பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் நாவற்கறை பட்டுவிட்டால், உடனே சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். சவர்க்காரத்தின் காரம் கறையை நீலமாக்கும் என்பது மேற்கூறிய சோதனையாலேயே விளங்கும். முதலில் தேசிக்காய்ப் பாதியை அதன்மேல் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியை இறுக்கிப் பிடித்துக் கொதிநீரைக் கறையின்மேல் உயரத்திலிருந்து ஊற்றி அலசி, அதன் பின்னரே சவர்க்காரமிட்டு வெயிலில் உலர்த்துதல் வேண்டும்.